ஓர் இரவுப் பால்

மாலத்தீவின் ஹிலெதூத் தீவில் அதீகா என்ற பெயரில் நாலைந்து பேர் உண்டு. ரிஹாகுரு அதீகா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். சூரை மீன் வெந்த தண்ணீரை அண்டாவில் ஊற்றி, நுரையை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்து, காலையில் மூட்டிய அடுப்பைச் சாயங்காலம் அணைக்கும்போது அடியில் கறுத்த விழுதாக மிஞ்சுவதுதான் ரிஹாகுரு. அதைப் பழைய ஜாம் பாட்டில்களில் அடைத்து விற்றே ஒரு மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் அவள். புகையில் கண் எப்போதும் சிவந்திருக்கும். இப்போதுதான் அழுதுவிட்டு வருகிறாள் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் லேசில் அழமாட்டாள். ஊர்வம்பு பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே எல்லா வம்பையும் கேட்டு வைத்திருப்பாள். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவளிடம் யாரும் மீன் விழுதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. நாட்டுக்குப் புதிய ரயீஸ் (ஜனாதிபதியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தேர்ந்தெடுக்கப்பட்டதும் அந்த நிம்மதி போயிற்று.

மாலத்தீவில் ஒருவர் போட்ட ஓட்டை மறைக்கலாம்; ஊர் போட்ட ஓட்டை மறைக்க முடியாது. தீவுக்கு ஒரு பெட்டி, எந்தப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்று அன்றைக்கே டிவியில் வந்துவிடும். ஹிலெதூப் பெட்டி முக்கால்வாசி ஆரஞ்சுக் கட்சிக்கு விழுந்திருந்தது. ஜெயித்தவரோ ஊதாக் கட்சி ஆதம் ஷாகிர். இதில் கூத்து என்னவென்றால், ஷாகிர் பிறந்ததே ஹிலெதூவில்தான். நடை பழகும் வயதில் குடும்பத்தோடு தலைநகர் மாலேவுக்குப் போனவர், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்தக் கோபத்தில் ஊர் அவரைத் தோற்கடித்தது. அவர் நாட்டையே ஜெயித்துவிட்டார். இனி நம் பக்கம் திரும்பிப் பார்ப்பாரா என்றுதான் துறையில் ஒரே பேச்சு.

ஊருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறையில் எந்தக் காலத்திலோ வெட்டிய ஒரு குறுகல் கால்வாய். அதன் வழியாகத்தான் படகுகள் உள்ளே வரவேண்டும், வெளியே போகவேண்டும். ஜூன் பிறந்து தென்மேற்குக் காற்று கிளம்பினால் அந்த இடத்தில் அலை மடங்கி மடங்கி விழும். படகை அதில் விட்டால் பாறையில்தான் மோதும். கால்வாயை அகலமாக்கி ஆழப்படுத்த மண் தோண்டும் கப்பல் வரவேண்டும். வருகிறது வருகிறது என்று மூன்று ரயீஸ்கள் வந்து மூன்று அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார்கள். அவை மூன்றும் இறங்குதுறையில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் படகுக் கயிறு கட்டுவார்கள். மற்ற இரண்டின் மேலும் பெண்கள் மீன் கழுவுவார்கள்.

அதீகாவுக்கு அந்தக் கால்வாய் வெறும் ஊர்ப்பிரச்சினை இல்லை. முந்தின ஜூலையில் அவள் மகள் யும்னாவுக்குப் பிரசவம் சிக்கலானது. தீவுச் சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், அறுவை அறை இல்லை. பெரிய ஆஸ்பத்திரி அடுத்த தீவில். படகில் யும்னாவைப் படுக்கவைத்துக் கால்வாய்க்கு இந்தப் பக்கமே அலை எப்போது தணியும் என்று காத்துக்கிடந்தார்கள். தணிந்தபோது குழந்தை இல்லை. அன்றுமுதல் அதீகா கடலைப் பார்த்து உட்காருவதை விட்டுவிட்டாள். அடுப்பைக்கூடக் கொல்லைப்புறம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் தீவுக் கவுன்சில் தலைவர் வஜீஹ் அவள் வாசலில் வந்து நின்றார். ஆளுக்கு வாய் மட்டும் இரண்டு ஆள் அளவு. அந்தப் பக்கம் அக்காவை லாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"லாத்தா! இத்தனை வருஷமா இதை மடியில கட்டி வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி மீன் கிண்டிக்கிட்டு இருக்கீங்களே!"

"எதை?"

"ரயீஸ் உங்க பால் தம்பியாமே! அவர் பொறந்தப்ப அவர் உம்மா ஜுரத்துல கெடந்தாங்க, உங்க உம்மாதான் பால் குடுத்தாங்கன்னு துறையில பெருசுங்க பேசிக்குது."

"அது ஏதோ பழைய கதை."

"கதையா? ஒரே மார்ல குடிச்சவங்க லாத்தா நீங்க. மார்க்கப்படி கூடப்பொறந்த மாதிரி. நம்ம ஊருக்கு இப்ப வேற யார் இருக்கா?"

அதீகாவின் கணவர் ஜுனைத் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டே உள்ளிருந்து குரல் கொடுத்தார். "தம்பிக்கு ஓட்டுப் போடாத லாத்தா. ஆரஞ்சுக்குத்தான் போட்டா. அதையும் சேத்துச் சொல்லு."

"உங்க வீட்டு வாசல்ல ஆரஞ்சுக் கொடி பறக்குது, அதை மொதல்ல எறக்குங்க காக்கா," என்றார் வஜீஹ்.

"நீ கூடத்தான் போன மாசம் வரைக்கும் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கிட்டுத் திரிஞ்சே."

"அது வெயிலுக்கு."

அதீகா சிரிக்கவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று அப்போது நெஞ்சில் தட்டியது. உம்மா சாகக் கிடந்தபோது அவளை அருகில் அழைத்துச் சொல்லியிருந்தாள்: "அந்தப் புள்ளைக்கு ஒரே ராத்திரி, ரெண்டே வாட்டிதான் குடுத்தேன். விடிஞ்சதும் அவன் சின்னம்மா வந்துட்டா, அவளுக்கும் கைக்கொழந்தை. அஞ்சு வாட்டி வயிறு நெறையக் குடிச்சாத்தான் உறவு. அவன் நமக்கு உறவாகலை. யாராச்சும் கேட்டா மறைக்காம சொல்லிடு, ஹராம் ஹலால் விஷயம்." அன்று அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வஜீஹிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பேச்சு வளராமல் அடங்கிவிடும் என்று விட்டாள். அது அடங்கவில்லை. நவம்பரில் ரயீஸ் பதவியேற்ற வாரத்தில் யும்னா வந்து அதீகாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மறுபடியும் உண்டாகியிருக்கிறேன் என்றாள். பிரசவம் எப்போது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள் அதீகா. மறுபடியும் ஜூலை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் இமாமைக் கூட்டிக்கொண்டு வஜீஹ் வந்தார். ரயீஸின் அலுவலகத்திலிருந்து விசாரிக்கிறார்களாம். இமாம் நல்ல மனிதர், தரையைப் பார்த்தே பேசுபவர்.

"எத்தனை தடவைம்மா குடுத்தாங்க உங்க உம்மா? ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

உம்மா சொன்ன கேள்வி, உம்மா சொன்ன மாதிரியே வந்து நின்றது. அதீகா உள்ளறையைப் பார்த்தாள். யும்னா குமட்டலோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"உம்மா குடுத்தாங்கன்னு ஊருக்கே தெரியுமே," என்றாள் அதீகா.

"அப்ப நெறையத் தடவைதான் இருக்கும்," என்றார் வஜீஹ். "கொழந்தை பசிச்சா எண்ணிக்கிட்டா குடிக்கும்?"

இமாம் அவளை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். பொய் சொல்லவில்லை என்று அதீகா தன்னைத் தேற்றிக்கொண்டாள். அன்று இஷாத் தொழுகையில் ஸஜ்தாவில் நெற்றியை வைத்தவளுக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் வேகம். டிவிக்காரர்கள் வந்து அவள் அண்டாவைப் படமெடுத்தார்கள். ஊர் அவள் வாசலுக்கு வர ஆரம்பித்தது. ஒருத்தி தன் மகனுக்கு மாலேயில் ஃப்ளாட் வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் டீச்சர் வேண்டும் என்றார்கள். பேச்சை நிறுத்திக்கொண்டிருந்த ஜுனைத்தின் தம்பி மனைவி ஒரு தட்டு மீன் அடைத்த மஸ்ரோஷி ரொட்டியோடு வந்து, தன் புருஷனை மாற்றலாக்க வேண்டும் என்றாள். தட்டை வாங்கிக்கொண்டு போக மறக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாகக் கால்வாய். அதீகா தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலி கண்டாள்.

ஜனவரியில் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தபோது ரயீஸ் வந்தார். தெருவெல்லாம் வெள்ளை மணல் கொட்டிச் சீவியிருந்தார்கள். தென்னங்குருத்துத் தோரணம், பெரிய பறைகள், வரிசையில் நின்று ஆடும் ஆண்கள். ரயீஸ் வரவுக்கென்று பெண்கள் எல்லாரும் ஒரே துணியில் ஒரே மாதிரி தைத்துப் போடுவது வழக்கம். போன தடவை தைத்த ஆரஞ்சுகளைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு ஊரே ஊதாவில் நின்றது. அதீகாவை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

படகிலிருந்து இறங்கிய ஷாகிர் டிவியில் தெரிவதைவிடக் குள்ளம். கண்ணுக்குக் கீழே கருவளையம். நேராக அவளிடம் வந்து, "லாத்தா" என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கேமராக்கள் மொய்த்தன. வயதுக்கு வந்த நாளிலிருந்து தன் புருஷனும் தகப்பனும் தவிர ஓர் ஆண் அவள் கையைத் தொட்டதில்லை. முகம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. ஊர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

சாப்பாடு அவள் வீட்டில். ரோஷி ரொட்டி, ரிஹாகுரு, வெங்காயம், எலுமிச்சை, பிய்த்துப் போட்ட பச்சை மிளகாய். ஷாகிர் ஊஞ்சலில் உட்கார்ந்து, கூட வந்தவர்களிடம், "என் லாத்தா வீடு இது. கொஞ்சம் வெளியே நில்லுங்க," என்றார். எல்லாரும் போனார்கள். புகைப்படக்காரர் ஜுனைத்தையும் இழுத்துக்கொண்டு போனார். வாசல் திரை விழுந்தது.

அந்நிய ஆணோடு தனியறையில். அதீகா கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

"ரயீஸ், கோவிச்சுக்காதீங்க. நாம இப்படித் தனியா இருக்கக் கூடாது. உங்களுக்கு எங்க உம்மா குடுத்தது ரெண்டே தடவை. நான் உங்க லாத்தா இல்லை."

சொல்லிவிட்டாள். ஷாகிர் ரோஷியை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"தெரியும். எங்க உம்மாவும் சொல்லியிருக்காங்க."

"தெரிஞ்சுமா கையைப் பிடிச்சீங்க?"

"அந்தப் படம் இந்நேரம் நாடு பூரா போயிருக்கும் லாத்தா. மன்னிச்சுக்குங்க, வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலை." எழுந்து போய்த் திரையைப் பாதி விலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெளியே நிற்பவர்களுக்கு அவர்கள் தெரிந்தார்கள், பேச்சு கேட்கவில்லை. "எல்லாத் தீவுலயும் எனக்கு ஒரு சொந்தம் மொளைச்சிருக்கு. வடக்கே ஒரு தீவுல ஒரு வாத்தியார், எனக்கு அலிஃப் பே சொல்லிக்குடுத்தாராம். நான் அந்தத் தீவை அன்னிக்குத்தான் பாக்கறேன். இன்னொரு இடத்துல என் பெரியப்பா மகன்னு ஒருத்தர். எங்க வாப்பாவுக்கு அண்ணனே கெடையாது. எதையும் மறுக்க முடியலை. மறுத்தா, ஜெயிச்சதும் மறந்துட்டான்னு சொல்வாங்க. ஒவ்வொரு சொந்தத்துக்குப் பின்னாலயும் ஒரு துறைமுகம் நிக்குது."

அதீகாவுக்குக் கோபம்தான் வந்தது. "எங்களுக்குத் துறைமுகம் வேணாம். கால்வாய் போதும். போன ஜூலையில என் பேரப்புள்ள அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் செத்துச்சு. இந்த ஜூலைக்கு என் மக மறுபடி முழுகாம இருக்கா. அதுக்குத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உங்களுக்கு லாத்தாவா நின்னேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது.

"உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்றேன். இந்த மழைக்கு முன்னாடி கப்பல் வராது. அடுத்த மழைக்கும் சந்தேகம். கஜானாவைத் திறந்து பாத்தா அடி தெரியுது, பழைய கடன்காரங்க நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. கப்பல் மொதல்ல போகவேண்டியது கூட்டணிக்காரர் தீவுக்கு. போகலேன்னா சட்டம் போடற மஜ்லிஸ்ல என் ஆளுங்க பாதிப் பேர் எழுந்து அந்தப் பக்கம் போயிடுவாங்க. தேர்தல் கூட்டத்துல நான் பேசினதையெல்லாம் ஜனங்க போன்ல வச்சுக்கிட்டு ஓட்டிக் காட்டறாங்க. என் குரல்தான். நான்தான் பேசியிருக்கேன். எப்ப பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை."

"அப்ப வெளிய போய் அதைச் சொல்லுங்க. வராதுன்னு சொல்லுங்க. புள்ளத்தாச்சிங்க முன்னாடியே ஆஸ்பத்திரித் தீவுக்குப் போய்த் தங்கிக்கும்."

"சொல்லணும். பாக்கறேன்னாவது சொல்றேன்."

எழுந்து கை கழுவினார். போகும்போது கைபேசி எண் ஒன்றைச் சொல்லி அவள் போனில் பதியவைத்தார். "உசுர் போற அவசரம்னா மட்டும். யாரோ ஒருத்தர் எடுப்பார். லாத்தான்னு சொல்லுங்க. வேற எந்தப் பேர் சொன்னாலும் என்கிட்ட வந்து சேராது."

மேடையில் ஏறும்போது அவர் உண்மையைத்தான் சொல்ல நினைத்திருப்பார் என்று அதீகா கடைசிவரை நம்பினாள். "என் ஹிலெதூ மக்களே, கால்வாயைப் பத்தி..." என்று ஆரம்பித்தார். அந்த ஒரு சொல்லுக்கே பறை முழங்கியது. கிழவர்கள் எழுந்து நின்றார்கள். யும்னாவின் சிநேகிதி நஷ்வா, அவளும் வயிற்றுப்பிள்ளைக்காரி, வயிற்றில் கைவைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாகிர் கூட்டத்தைப் பார்த்தார். ஒருமுறை எச்சில் விழுங்கினார். "என் லாத்தா வீட்டுக்கு வர்ற வழி அது! இந்த மழைக்கு முன்னாடியே அகலமாகும்!" என்றார். அதன்பிறகு அவர் பேசியது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

பிப்ரவரி போனது, மார்ச் போனது. துறையில் யாராவது அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெரிய கப்பல் எது தெரிந்தாலும் அதீகாவுக்கு ஆள் வரும். "இன்னும் வரலையே லாத்தா, ஒரு வார்த்தை போட்டுக் கேளுங்களேன்." முதலில் கெஞ்சலாக வந்தது, பிறகு கொஞ்சம் உரிமையாக, அப்புறம் அதட்டலாகவே வந்தது. ரயீஸைக் கேட்க முடியாதவர்கள் எல்லாரும் அவளைக் கேட்டார்கள். ஜுனைத்திடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கேட்டுவிட்டு நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"நான் அப்பவே ஆரஞ்சுன்னு சொன்னேன்," என்றார் கடைசியில்.

"ஆரஞ்சும்தான் கல்லு நட்டுட்டுப் போச்சு."

"அதுவும் சரிதான். மகளை அனுப்பிடு."

மே மாதத்தில், கடல் இன்னும் வழிவிடும்போதே, யும்னாவை ஆஸ்பத்திரித் தீவில் ஓர் அறை பார்த்து அனுப்பக் கிளம்பினாள். துறையில் மூட்டையும் பாயும் ஏறுவதைப் பார்த்து ஊர் கூடிவிட்டது. ரயீஸின் லாத்தாவே தன் மகளை முன்கூட்டி அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? நஷ்வா தன் மாமியாரின் கையை உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"மாமி, யும்னா போறாளே, நானும் போகவா? உங்களுக்குத்தான் தெரியும். கப்பல் வருமா வராதா?"

வஜீஹ் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"வராது," என்றாள் அதீகா. "நீயும் ஏறு. துணி அப்புறம் வரும்."

"யார் சொன்னா?" என்று பாய்ந்தார் வஜீஹ்.

"அவரே சொன்னார். என் வீட்டுல ஊஞ்சல்ல உக்காந்துக்கிட்டுச் சொன்னார். இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நான் அவருக்கு லாத்தாவும் இல்லை. உம்மா குடுத்தது ஒரு ராத்திரி, ரெண்டு தடவை. இமாம் கேட்டப்ப மழுப்பினேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்."

இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. இனி என்ன வேண்டுமானாலும் ஏசட்டும் என்று நின்றாள். ஆனால் ஏச்சுகூட ஒழுங்காக வரவில்லை. முதலில் ஒருத்தி சிரித்தாள்.

"தம்பியோட ஏதோ மனஸ்தாபம். ஃப்ளாட் கேட்டிருப்பா, குடுத்திருக்க மாட்டார்."

"அதுக்காகப் பாலையே இல்லேங்கறதா?" என்றாள் நஷ்வாவின் மாமியார். "கையைப் பிடிச்சாரே, நாங்க பாக்கலை? கண்ணு கலங்கிச்சே அந்த மனுஷனுக்கு! வா நஷ்வா, வீட்டுக்கு. ரயீஸ் மைக்குல சொல்லியிருக்கார், இவ என்ன சொல்றது?"

நஷ்வா மாமியாரையும் பார்த்தாள், படகையும் பார்த்தாள். அவள் புருஷன் சுற்றுலாத் தீவில் வேலையில் இருந்தான். கேட்க வேறு ஆள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாள். யும்னா மட்டும் போனாள். அதன்பிறகு அதீகாவின் பாட்டில்களை வாங்க யாரும் வரவில்லை. இமாம் மட்டும் ஒரு சாயங்காலம் வந்து, "இப்பவாவது சொன்னீங்களே," என்று ஒரு பாட்டில் வாங்கிப் போனார். அந்த வார்த்தைக்குத்தான் அவள் அழுதாள்.

ஜூலை வந்தது. யும்னாவுக்கு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பெண்குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் நலம் என்று போன் வந்தது. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கக்கூட விடவில்லை. நாலு நாளில், ஒரு மத்தியானம், நஷ்வாவுக்கு வலி கண்டது.

குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே எதுவும் செய்வதற்கில்லை, உடனே போயாக வேண்டும் என்றார் டாக்டர். கால்வாயில் அலை பனைமரம் உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஜுனைத்தும் இரண்டு பேரும் படகை எடுத்துக்கொண்டு பாறைவரை போய்ப் பார்த்துவிட்டு, முன்பக்கம் உடைந்த படகோடு திரும்பி வந்தார்கள். கடலோரக் காவலுக்குப் போன் போட்டார் வஜீஹ். வரிசையில் இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. சுகாதார நிலையத்து வாசலில் ஊர் நின்றது. உள்ளேயிருந்து நஷ்வாவின் அலறல் வந்துகொண்டிருந்தது. போன வருடம் இதே அலறலை அதீகா கேட்டிருந்தாள்.

நஷ்வாவின் மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அதீகாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "உன் தம்பிக்கு ஒரு போன் போடும்மா. என்னை என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ. அந்தப் புள்ளைக்காகப் போடு."

தம்பி இல்லை என்று ஊரறியச் சொல்லித் தீர்த்தவள் அவள். அல்லாஹ்விடமும் சொல்லி முடித்திருந்தாள். அந்த எண் போனில் அப்படியே இருந்தது. எடுத்தாள், அழுத்தினாள். மணி அடித்தது. இறுக்கமான ஓர் ஆண்குரல், யார் பேசுவது என்று கேட்டது.

அதீகா எல்லார் முகத்தையும் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் இமாமும் நின்றிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் ரயீஸோட லாத்தா பேசறேன்," என்றாள். "ஹிலெதூவுல இருந்து."

சாயங்காலத்துக்குள் ராணுவத்தின் ஹெலிகாப்டர் பள்ளிக்கூடத்துப் பந்து மைதானத்தில் மணலை வாரியிறைத்துக்கொண்டு இறங்கியது. நஷ்வாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளும் பிழைத்தாள், பையனும் பிழைத்தான்.

மறுநாள் அதீகா அடுப்பு மூட்டக்கூட இல்லை, வாசல் நிறைந்துவிட்டது. வஜீஹ் முன்னால், நஷ்வாவின் மாமியார் கண்ணீரோடு அவர் பக்கத்தில், பின்னால் ஃப்ளாட் கேட்டவள், மாற்றல் கேட்டவள், துறையில் சிரித்தவள்கூட. ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. எல்லார் முகத்திலும் அந்தப் பழைய வெளிச்சம் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கூடப்பொறந்தவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும் லாத்தா," என்றார் வஜீஹ். "ஒரு போன்ல ஹெலிகாப்டரை எறக்கிட்டார்! உங்களுக்காக எறக்கினவர் கால்வாயையா விட்டுடுவார்? சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்க, இவங்க மனசு ஆறட்டும். அடுத்த மழைக்குள்ள அகலமாயிடும்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நஷ்வாவின் மாமியார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அதீகா எச்சிலை விழுங்கினாள்.

"அகலமாகும்," என்றாள்.

அன்று மேடையில் அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததால் அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அது போனதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஜனங்கள் கலைந்து போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் உள்ளே போன் அடித்தது. யும்னா. பின்னணியில் குழந்தை சிணுங்கியது.

"உம்மா, ஊர்ல கால்வாய் வேலை ஆரம்பிக்கப் போகுதாமே, இங்க எல்லாரும் சொல்றாங்க. காத்து அடங்கினதும் இந்த அறையைக் காலி பண்ணிட்டு நம்ம வீட்டுக்கே வந்துடவா?"

அதீகா வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ அங்கேயே இரு," என்றாள்.